அக்கா கேட்ட பன்னிரண்டு நிமிடம்

அக்காவின் இந்த நினைவு மலருக்கு வந்த மற்றக் கட்டுரைகளை அச்சகத்தில் வைத்தே வாசித்தேன். அக்காவை ஒருவர் இசைக்குயில் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் கலைத்தாயின் தவப்புதல்வி என்கிறார். எழுதியவர்கள் மீது கோபமில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று பழகிவிட்டார்கள். ஆனால் குயில் பாடும். எங்கள் அக்காவை இந்த ஊர் மேடைகள் ஒருநாளும் பாட விடவில்லை. அதைத்தான் நான் எழுதப் போகிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள், அடுத்ததில் தேவாரம் இருக்கிறது.

அக்கா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கலவரத்தில் லயம் எரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது, எனக்கு நான்கு. அப்பா, அம்மா, ஒரு தகரப்பெட்டி, நாங்கள் இரண்டு பேர். லொறியில் வவுனியாவுக்கு வந்து, நெளுக்குளத்தில் காடு வெட்டிக் கொட்டில் போட்டோம். அப்பா இரண்டு வருடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அடுத்தவர்களின் மிளகாய்த் தோட்டங்களில் களை பிடுங்கி எங்களை வளர்த்தார். தேயிலை நிரையில் பாடிய பாட்டை அம்மா மிளகாய் நிரையிலும் பாடினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அக்காவும் கூடப் போய் அதே பாட்டைப் பாடுவார். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எம் பாட்ட எங்கிட்டயே திருடிட்டா பாரு இவ" என்பார். திருடியவர் அம்மாவைவிட நன்றாகப் பாடினார் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

ஆர்மோனியம் பழகியது மாதா கோவிலில். எங்கள் குறிச்சிப் பிள்ளையார் கோயில் பஜனையில் பெண் பிள்ளை ஆர்மோனியப் பெட்டியைத் தொடக்கூடாது என்றார்கள். மாதா கோவிலில் இருந்த ஒரு கன்னியாஸ்திரிச் சகோதரி, "நீ தொடு பிள்ளை, அது கடிக்காது" என்றாராம். அந்தச் சகோதரி மாற்றலாகிப் போகும்போது பழைய ஆர்மோனியம் ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் துருத்தி கிழிந்திருந்தது. நான் அப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ரியூப் துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் அந்த ஒட்டு விடவில்லை. அக்காவுக்காக நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பத்தொன்பது வயதில் அக்கா எங்கள் வட்டாரத்து இசை மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பாடிக் காட்டச் சொன்னார்கள். அம்மாவின் பாட்டைப் பாடினார். கேட்டு முடித்துவிட்டு அப்போதைய செயலாளர் சொன்னார்: "பிள்ளை வாசிக்கட்டும். பாட்டுக்கு வேற ஆளைப் பாப்பம். உச்சரிப்பு ஒரு மாதிரிக் கிடக்கு."

உச்சரிப்பு என்று அவர் சொன்னது எதை என்று எங்களுக்குத் தெரியும். எங்கிருந்து வந்தோம் என்பதைத்தான். அக்கா பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்.

எங்கள் வட்டாரத்தில் மன்றங்கள் ஐந்து. இசை மன்றம், அதில் சண்டை பிடித்து வெளியேறியவர்கள் தொடங்கிய இன்னோர் இசை மன்றம், நாடக மன்றம், பஜனைச் சபை, மாதர் சங்கத்தின் கும்மிக் குழு. பக்கத்துப் பக்கத்து ஒழுங்கையில் இருந்துகொண்டு ஒருவர் விழாவுக்கு மற்றவர் போகமாட்டார்கள். தலைவராக இருக்க எல்லா மன்றத்திலும் ஆள் இருந்தது. சுருதி பிடிக்க எல்லா மன்றத்துக்கும் இருந்தது அக்கா ஒருவர்தான். பெட்டியைத் தொட விடாத பஜனைச் சபையே பிறகு வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனது. "ஏன் போகிறாய்" என்று நான் ஏசினேன். "அவையள் மறந்திட்டினம், நானும் மறந்திட்டன், நீ மட்டும் ஏன்டா தலையில வைச்சுக்கொண்டு திரியிறாய்?" என்றார். அக்கா மறக்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இராணுவத்தின் பாஸ் இல்லாமல் தெருவில் நடக்க முடியாத காலத்திலும் அக்கா பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போனார். ஒருநாள் சோதனைச் சாவடியில் நின்றவர் இது என்ன பெட்டி என்று நம்பாமல், திறந்து வாசித்துக் காட்டச் சொன்னார். வெயிலுக்குள், தார் ரோட்டில் சப்பாணி கட்டி உட்கார்ந்து அக்கா வாசித்தார். வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்டது. வீட்டுக்கு வந்து, "இண்டைக்குத்தான்டா நல்ல கூட்டம். ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை" என்று சிரித்தார்.

அக்காவைக் கட்டிய அத்தான் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர். திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அக்கா தையல் மெசினையும் ஆர்மோனியத்தையும் வைத்துக்கொண்டு மகளை வளர்த்துப் படிப்பித்தார். அந்தப் பிள்ளை, என் மருமகள், இன்று ஆசிரியையாக இருக்கிறாள் என்றால் அது மெசின் மிதித்த அக்காவின் இரண்டு கால்களின் உழைப்பு. அக்காவின் கைகள் மன்றங்களுக்குப் போய்விட்டன.

ஒரு முறை இசை மன்ற விழா அழைப்பிதழில் அக்காவின் பெயரை விட்டுவிட்டார்கள். தலைவர் ஓடிவந்து, "பிள்ளை, அச்சடிச்ச ஆள் பிழை விட்டிட்டான், குறை நினையாதேங்கோ" என்றார். அக்கா, "பரவாயில்லை ஐயா, ஆர்மோனியத்தின்ர பேரும்தானே போடேல்லை" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வருடமும் பெயரில்லை.

பிறகு ஐந்து மன்றங்களும் வாழ்நாளில் முதல்முறை ஒன்றாகச் சேர்ந்து அக்காவுக்குக் கௌரவிப்பு விழா வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தன. இசை மன்றத்தின் இப்போதைய தலைவர்தான் முன்னுக்கு நின்றார். நான் வீட்டில் இருந்தேன். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, பொன்னாடை வேண்டாம். எனக்குப் பன்னிரண்டு நிமிசம் தாங்கோ."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"பாடுறதுக்கு. அம்மாவின்ர பாட்டு. முழுசாப் பாடப் பன்னிரண்டு நிமிசம் வேணும். நான் மணிக்கூடு வைச்சுப் பாத்தனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா இத்தனை வருடமும் அந்தப் பாட்டை வைத்திருந்திருக்கிறார். எங்கே பாடவேண்டாம் என்றார்களோ அங்கே பாடவேண்டும். அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தலைவர் அந்த இடத்திலேயே சம்மதித்து, நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்கு முன்னர் கடைசி நிகழ்ச்சியாகப் போட்டார். 'ஏற்புரையும் பாடலும்' என்று இருந்தது. இந்த முறை பெயரும் இருந்தது.

எங்கள் ஊர் விழாக்களுக்குப் போனவர்களுக்கு வழமை தெரியும். முதலில் பேச்சு, பிறகுதான் கலை. ஒரு தலைவரைப் பேச விட்டால் ஐந்து தலைவரையும் விடவேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவருடைய மன்றம் அடுத்த விழாவுக்கு வராது. ஒன்பதரைக்குத் தொடங்கவேண்டிய விழாவுக்குப் பிரதம விருந்தினர் பதினொரு மணிக்கு வந்தார். பிறகு ஒருவர் மாறி ஒருவர் பேசினார்கள். அக்காவைப் பற்றித்தான் பேசினார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் மன்றம்தான் அக்காவை வளர்த்தது என்று நிறுவப் பார்த்தார்கள். அக்கா மேடையின் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு இருந்தார். வேண்டாம் என்ற பொன்னாடைகள் ஐந்தும் மடியில் கிடந்தன.

மண்டபம் ஒரு மணி வரைக்கும்தான் எங்களுக்கு. பன்னிரண்டு நாற்பது ஆனபோது தலைவர் என்னிடம் வந்து, "தம்பி, நன்றியுரையை முதல்ல முடிப்பம். ஐஞ்சு நிமிசம். பிறகு அக்கா ஆறுதலாப் பாடட்டும், பாட்டோட முடிஞ்சா நல்லாயிருக்கும்" என்றார். கணக்குச் சரிதான். நான் ஐந்து நிமிடத்தில் இறங்கியிருந்தால் அக்காவுக்குப் பதினைந்து நிமிடம் இருந்திருக்கும்.

நான் ஒருநாளும் மேடை ஏறினவன் இல்லை. குடும்பத்தின் சார்பில் நன்றியுரை சொல்லக் கேட்டிருந்தார்கள், நாலு தாள் எழுதி வைத்திருந்தேன். வாசிக்கத் தொடங்கினேன். ஒரு பெயரை விட்டால் குறை நினைப்பார்கள் என்று ஒவ்வொரு தலைவரையும், செயலாளரையும், பொருளாளரையும், கதிரை தந்தவரையும், ஒலிபெருக்கி கட்டியவரையும் பெயர் சொல்லி நன்றி சொன்னேன். சனம் கைதட்டியது. கைதட்டத் தட்ட எனக்குள் ஏதோ ஏறியது. சைக்கிள் கடைக்காரனும் பேசுவான், தோட்டத்திலிருந்து வந்தவனுக்கும் தமிழ் வரும் என்று காட்டவேண்டும் போல இருந்தது. தாளில் இல்லாததையும் பேசினேன். நடுவில் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கை துருத்தியில் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமைப்படுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பேசினேன்.

பின்பக்கமிருந்து மண்டபப் பொறுப்பாளர் குரல் கொடுத்தார்: "ஐயாமாரே, ஒரு மணி. வெளியில கலியாண வீட்டு ஆக்கள் கதிரையோட நிக்கினம்."

மின்விசிறிகள் நின்றன. சனம் எழும்பியது. அக்கா துருத்தியை மடக்கிக் கொக்கியைப் போட்டார்.

ஓட்டோவில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. "நீ பாடேல்லையே அக்கா?" என்றேன்.

"நேரம் போயிட்டுது" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "நல்லாப் பேசினாய்டா தம்பி" என்றார்.

குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உண்மையாகச் சொல்லியிருந்தால் இன்னும் மோசம்.

அடுத்த விழாவில் முதல் நிகழ்ச்சியே அக்காவின் பாட்டுத்தான் என்று தலைவர் சொன்னார். அடுத்த விழாவுக்கு முன்னர் அக்காவின் நெஞ்சில் நீர் கட்டியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நாங்கள் வைத்திருந்த நாட்களில் மன்றத் தலைவர்கள் எல்லோரும் வந்து பழம் வைத்துவிட்டுப் போனார்கள். மண்டபப் பொறுப்பாளரும் ஒருநாள் வந்தார். கட்டிலருகில் நின்றுகொண்டு, "அண்டைக்கு நான் ஒரு பத்து நிமிசம் பொறுத்திருக்கலாம் அம்மா. மனசுக்குள்ள கிடந்து அரிக்குது" என்றார்.

அக்கா, "நீங்கள் என்ன செய்யிறது? கலியாண வீட்டுக்கு முகூர்த்தம் இருக்கெல்லோ" என்றார்.

ஐந்து மன்றங்களில் ஒருவரும் சொல்லாததை அந்த மனிதர் வந்து சொன்னார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் போன பிறகு, "இப்ப பாடன் அக்கா, நான் கேக்கிறன்" என்று மட்டும் சொன்னேன்.

"இஞ்சையோ? மற்ற நோயாளியள் என்னடா பாவம் செய்தவை?" என்று சிரிக்கப் போய் இருமினார். நாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

மன்றங்களை நான் ஏசாத நாளில்லை. இந்த ஒரு வருடமும் அதைத்தான் செய்தேன். இப்போது களைத்துவிட்டேன். ஏசி முடித்துப் பார்த்தால் அன்று ஒரு மணிக்கு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இதை அக்காவிடம் சொல்லவில்லை. மருமகளிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில்தான் முதல்முறை சொல்கிறேன்.

ஆண்டுத் திவசம் வருகிறது என்றதும் தலைவர் தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, நினைவுரைக்கு எங்கட மன்றத்துக்கு ஒரு பத்து நிமிசம் ஒதுக்குங்கோ."

"ஒருத்தருக்கும் இல்லை ஐயா."

"அப்ப நிகழ்ச்சியில என்ன இருக்கு?"

"பன்னிரண்டு நிமிசம் இருக்கு. ஒருத்தரும் பேசேலாது. பாடலாம்."

"அம்மாவின்ர பாட்டு எண்டு அக்கா சொன்னவா, அது என்ன பாட்டு?" என்றார் தலைவர்.

"அதைக் கேக்க உங்களுக்கு முப்பது வருசம் கிடந்தது ஐயா. எனக்கு அதைவிடக் கூட."

நன்றி சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்த தாதியருக்கும், செத்தவீட்டன்று அடுப்பு மூட்டிய அயலவருக்கும், மண்டபப் பொறுப்பாளருக்கும், அக்காவைக் கூப்பிட்ட மன்றங்களுக்கும், பெட்டியைத் தொடச் சொன்ன அந்தச் சகோதரிக்கும் நன்றி. பெயர் ஒன்றும் எழுதவில்லை. போன முறை எல்லாப் பெயரையும் வாசித்தேன், அதன் பலன் மேலே இருக்கிறது.

திவசத்தன்று படையல் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னர், அக்காவின் ஆர்மோனியத்தில் மருமகள் சுருதி பிடிப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பாள், அது போதும். அம்மாவின் பாட்டில் எனக்கு ஞாபகம் இருப்பது முதல் இரண்டு அடி மட்டும். மருமகளுக்கு அதுவும் தெரியாது. யாருக்காவது மிச்சம் தெரிந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு அடியையே பன்னிரண்டு நிமிடமும் நான் பாடுவேன். குரல் நன்றாக இருக்காது. உச்சரிப்பும் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

– தம்பி