நான் ஏற்றிய சுருதி

தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு நவராத்திரி மாலை. கரமனையில் எங்கள் பஜனை மண்டபத்தில் விசாலம் தன் பெண்கள் குழுவுடன் பாட அமர்ந்தாள். பாடலும் மெட்டும் அவளுடையவை. ஆண்டவனைத் தேடிப் புறப்பட்ட அடியார்களிடம், வீட்டில் விட்டுவந்த மனைவிக்கு அன்று யார் சோறிட்டார்கள் என்று அந்தப் பாடல் கேட்டது. அடியார்களின் பாக்களை ஓதியே வளர்ந்த நான் அதை நிந்தனையாகக் கொண்டேன்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் அவள் மேடையேறுவது அதுவே முதல் முறை. தன் சுருதிப்பெட்டியை என்னிடம் நம்பிக் கொடுத்து, சுருதியைத் தாழ்த்தி நான்கு கட்டையில் வைக்கச் சொல்லியிருந்தாள். நான் ஐந்தரைக்கு ஏற்றினேன்.

உச்சத்தைத் தொடும் மூன்றாம் அடியில் எல்லாக் குரல்களும் கிழிந்தன. விசாலம் திரும்பினாள். "மாமி, சுருதி கூடிப்போச்சோ?"

பெட்டியின் சுருதிக் குமிழைக் கையால் மறைத்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நீ சொன்ன நாலுதான்."

முன்வரிசையில் ஒருவர், "ஆம்படையானைக் கேள்வி கேக்கற தொண்டை மேலே போகுமா பின்னே?" என்றார். மண்டபமே சிரித்தது.

முடிந்ததும் விசாலம் என் கையைப் பற்றினாள். "மன்னிச்சுக்கோங்கோ மாமி, உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். தொண்டையோட காதும் போயிடுத்து போலிருக்கு. பெட்டியை நீங்களே வச்சுக்கோங்கோ. எனக்கு இனி எதுக்கு?"

"பகவான் இருக்கார்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

குழு கலைந்தது. அவள் பிறகு பாடவில்லை. பிழை பொறுக்கச் சொல்லி வேண்டுகிற பாக்கள் எத்தனையோ எனக்கு மனப்பாடம். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் தினமும் அவற்றைப் பாடுகிறேன். விசாலத்திடம் மட்டும் ஒரு வரிகூடச் சொன்னதில்லை.