குலுங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

தொண்ணூறுகளில் ஒரு மார்கழிக் காலை. என் மனைவிக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. அதோடு இடுப்பு வலியும் பிறந்துவிட்டது. முறைப்படி அது பிறக்க இன்னும் நாள் இருந்தது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்காரரிடம் போன் இருந்தது. அவள் தாய்வீட்டு ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"படுக்க வச்சே கூட்டிட்டு வாங்க. வண்டி குலுங்கவே கூடாது" என்றார்.

இப்படி ஆகலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார். "நாம இழுக்கிற ஆக்சிஜன்தான் உயிர் கொடுக்குது. அதுவே உடம்புக்குள்ள கொஞ்சம் கெடுதலையும் பண்ணும், இரும்புல துரு ஏறுற மாதிரி. அதை அடக்குற சக்தி உடம்புக்கு உண்டு. கர்ப்பத்துல சிலருக்கு அது போதாம போயிரும். நஞ்சுக்கொடி சோரும், பனிக்குடம் பலவீனமாகும், பிள்ளை முந்திக்கும். குறைப்பிரசவத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு இப்ப சொல்றாங்க. பழம், கீரை நிறைய சாப்பிடட்டும்."

பாதி புரிந்ததை முழுதாக விளக்குவது என் வழக்கம். ஒரு வாரத்தில் தெரு முழுக்க விளக்கிவிட்டேன். வீட்டில் நெல்லிக்காய் மூட்டை வந்து இறங்கியது.

"எனக்குள்ள துருவாம்ல! ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா, இல்ல சேத்தூரு பாக்கியா?" என்று கேட்டாள்.

அன்று காலை வாடகைக் கார் வந்தது. எங்கள் இருவரையும்விட மூத்த கார். பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டேன்.

"மெதுவா போங்க அண்ணாச்சி."

"எம்புட்டு மெதுவா?" என்றார் டிரைவர்.

"குலுங்காம."

அந்த மனிதர் என் சொல்லைக் காப்பாற்றினார். சைக்கிள்கள் எங்களை முந்தின. பால்கேன் கட்டிய ஒருவர் ஜன்னலை ஒட்டியே வந்து, "வண்டி ரிப்பேரா? தள்ளணுமா?" என்றார்.

"ஏலே, உள்ள புள்ளத்தாச்சி இருக்கா. போலே அங்கிட்டு!" என்று விரட்டினார் டிரைவர்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. டிரைவருக்கு ஆக்சிஜனையும் துருவையும் விளக்கத் தொடங்கினேன். அவர் முகம் இறுகியது.

"பழைய வண்டிதான், ஒத்துக்கிடுதேன். அதுக்காக இப்பிடிக் குத்திக் காட்டணுமா?"

மடியில் தலை அதிர்ந்தது. "சிரிக்க வைக்காதீய, வலிக்கு. செத்த நேரம் பேசாம வாரீயளா?"

பேசாமல் வந்தேன். அதன்பிறகு அந்தச் சாலை பூமியில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. புளியமரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் பனிக்குள்ளேயே போயின. படுத்திருந்தவளுக்குக் கிளைகளும் வானமும் மட்டும்தான். "மலை நம்ம கூடவே வருது" என்றாள். மலையால்கூட எங்களை முந்திப் போயிருக்க முடியும். ஏனோ உடன் வந்தது. வலி வரும்போதெல்லாம் அவள் என் விரல்களை நெரிப்பாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்துவார். பருத்திக்காடும் மின்கம்பியில் காக்கையும் அப்படியே நிற்கும். விரல் தளர்ந்ததும் எல்லாம் மறுபடி நகரும். தூரத்துக் கோபுரம் பனியில் மிதந்துகொண்டு, வருவதும் வராததுமாக இருந்தது. ஊர் தொடங்கும் மடவார் வளாகத்தைத் தாண்டும்போது ஓர் ஆட்டுமந்தையும் எங்களை முந்தியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வலியை அடக்க மருந்து ஏற்றினார். குழந்தையின் நுரையீரல் பலப்பட அவளுக்கு ஊசியும் போட்டார். "இது வேலை செய்யணும். ரெண்டு நாள் தள்ளிப்போனாலே பெரிய லாபம்" என்றார்.

தள்ளிப்போனது. மூன்றாம் நாள் பகலில் மகள் பிறந்தாள். என் செருப்பு அவளைவிடக் கனம். பஞ்சில் பொதிந்து, மனைவியின் கட்டிலுக்கு அருகே விளக்குச் சூட்டில் படுக்கவைத்தார்கள். "தானாவே மூச்சு விடுறா. பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

நான் குனிந்து பார்த்தேன். அந்தச் சின்ன நெஞ்சு ஏறியது, இறங்கியது, செத்த நேரம் நின்றது. என் மூச்சும் நின்றது. மறுபடி ஏறியது. ஊருக்கெல்லாம் விளக்கியதில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மொதல்ல நீங்க மூச்சு விடுங்க. அவ விட்டுக்கிடுவா."