கடலோரத்தில் ஒரு கோதுமை வேட்டை

போன வாரம் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. வியாழக்கிழமை எங்கள் பீங்கான் சூளையில் நெருப்பை அணைத்தோம். உள்ளே, நான் கலந்த புதுப் பூச்சைப் பூசிக்கொண்ட கோப்பைகள்.

2. சூளை ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் அத்தனையும் விரிசல் விட்டுவிடும். திங்கட்கிழமைதான் திறப்பு. ஆகவே எனக்கு லீவு.

3. தோழி செல்வியோடு அவள் ஊருக்குப் போனேன். கடலூருக்குத் தெற்கே, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற கிராமம்.

4. அந்த வீட்டு அடுப்படியில் கோதுமை மருந்துக்கும் கிடையாது.

5. இருந்தும் என் வயிறு கெட்டது.

6. வைத்தியம் பார்த்தார்கள். அதன் பிறகு இன்னும் மோசமாகக் கெட்டது.

ஐந்தாவதும் ஆறாவதும் எப்படி நடந்தன? அதுதான் இந்த வார விஷயம்.

என் வயிற்றைப் பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமையில் ஒரு பசை இருக்கிறது. க்ளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுமே, அந்த இழுவைக்குக் காரணம் அதுதான். அது என் குடலுக்கு ஆகாது என்று கடலூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். கோதுமை, ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பிஸ்கட் – எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய கும்பிடு. "மாத்திரை கிடையாதா டாக்டர்?" என்றேன். "சாப்பிடாம இருக்கிறதுதாம்மா மாத்திரை" என்றார்.

நான் வேலை பார்க்கும் விருத்தாசலத்தில் இது லேசான காரியமா? அரிசிக்கு ஊரே அல்லாடுகிற காலம். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போடுகிறார்கள். எங்கள் பீங்கான் தொழிற்சாலை கான்டீனில் எந்நேரமும் ரவை உப்புமா. ஜங்ஷனில் இறங்கினால் டீயும் பன்னும். இந்த நிலைமையில் ஒருத்தி எனக்குக் கோதுமை ஆகாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "மகாராணிக்கு அரிசிச் சோறுதான் எறங்குமாம்." கான்டீன் வரிசையில் என் காதுபடவே சொன்னார்கள்.

சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் எல்லாவற்றையும் விட்ட பிறகும் வயிறு அவ்வப்போது படுத்திக்கொண்டுதான் இருந்தது. போன சூளைத் திறப்பன்று நான் படுக்கையில். அதற்கு முந்தின திறப்பன்றும் அப்படியே. மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தத் தடவையும் நீங்க இல்லன்னா சூளைய வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன்மா. ஆபீஸ்ல ஒக்காந்து வேல பாருங்க. வயித்துக்கும் நல்லது."

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் டிப்ளமா படித்து, களிமண்ணையும் தீயையும் கற்றுக்கொண்டு வந்தது ஆபீஸ் நாற்காலியில் உட்காரவா?

செல்வி எங்கள் தொழிற்சாலையில் கோப்பைகளுக்குப் பூ எழுதுகிறவள். அவள்தான் யோசனை சொன்னாள். "எங்க ஊருக்கு வா. மீனு, சோறு, கேவுரு கூழு – அவ்ளோதான். ரேஷன்ல போடுற கோதுமைய எங்க அம்மா கோழிக்குத்தான் போடுவாங்க."

இதைவிடப் பத்திரமான இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? கிளம்பிவிட்டேன். கையில் ஒரு பரிசு – லேசான குறைக்காகக் கழித்து வைத்த கோப்பை, சாசர் செட். வெள்ளை வெளேரென்று இருக்கும்.

செல்வியின் அம்மா அஞ்சலை அம்மாள் வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போனார். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. சாயங்காலம் சுறாப் புட்டு. கேள்வி கேட்காமல், மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று... புட்டு கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போய்விட்டது. வயிறு லேசாகக் கனத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அதைச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன கண்ணு, பெருங்காயத்த மோருல கரைச்சித் தரேன். குடி. காலைல வயிறு காத்தாட்டம் ஆயிடும்."

குடித்தேன். காலையில் வயிறு காற்றாகத்தான் ஆகியிருந்தது. அதாவது, ஊதிப்போய். மீதியை எழுத வேண்டாம்; இது குடும்பப் பத்திரிகை.

அஞ்சலை அம்மாள் கலங்கவில்லை. மிளகு ரசம் வைத்தார். "ஒரு கட்டி பெருங்காயம் தட்டிப் போட்டிருக்கேன். சோத்துல ஊத்திக் கரைச்சிக் குடி."

மத்தியானத்துக்குள் எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. செல்வி பயந்துவிட்டாள். "யம்மா, போதும்மா. அவளுக்கு ஒத்துக்கல போலருக்குது."

"ஒத்துக்கலன்னா அளவு பத்தலன்னு அர்த்தம்டி. இன்னும் கொஞ்சம் போடணும்."

படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை சூளை முன்னால் யார் நிற்பார்கள்? கோப்பைகளை வெளியே எடுத்து, நல்லது கெட்டது சொல்லப்போகிறவர் யார்? நிச்சயமாக நான் இல்லை என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பூச்சில் குறை வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? எதை அதிகமாகச் சேர்த்தபோது குறையும் அதிகமாயிற்று என்று பார்ப்போம். முதல் நாளிலிருந்து வரிசையாக நினைத்துப் பார்த்தேன். மீன் – மத்தியானத்தோடு சரி. புட்டு – சாயங்காலத்தோடு சரி. சோறு – எப்போதும் உண்டு. நோய் ஏற ஏற, கூடவே ஏறிக்கொண்டு வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்.

வலை இழுக்கிறவர்கள் வீடு. கை கிழிபடாத நாள் கிடையாது. ஆகவே டிங்சர் அயோடின் புட்டி எப்போதும் மாடத்தில் இருக்கும். செல்வியை எடுத்துவரச் சொன்னேன். பரிசாகக் கொடுத்த சாசரில் மூன்று குவியல் வைத்தேன். உப்பு, அரிசி மாவு, நுணுக்கிய பெருங்காயம். மூன்றையும் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

உப்பு டிங்சர் நிறத்திலேயே இருந்தது. அரிசி மாவு கறுநீலமாயிற்று. மாவுக்கு அதுதான் அடையாளம். அடுத்து பெருங்காயம்... அதுவும் கறுநீலம்.

"இதுல மாவு கலந்திருக்குதும்மா" என்றேன்.

அஞ்சலை அம்மாள் சாசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்க வூட்டுப் பெருங்காயத்துலயா? புதுத் தட்ட கறையாக்கிட்டு என்னா பேசுற பாப்பா? இது கடலூரு மொதுநகருலேந்து நம்ம ஊரு கடைக்கு வர்ற சரக்கு. எம்மாமியா காலத்துலேந்து அதான் வாங்குறோம்."

"என்னா மாவுன்னு எனக்கும் தெரியல. அரிசி மாவா இருந்தா எனக்கு ஒண்ணும் பண்ணாது."

அவ்வளவுதான். கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளூர் மளிகைக் கடைக்குப் போய்விட்டார். சண்டைக்குத்தான். திரும்பி வந்தபோது நடையில் வேகம் இல்லை.

"மைதாவாம்" என்றார். "கடைக்காரன் சிரிக்கிறான். 'மாவு சேக்காத பெருங்காயத்த அப்படியே குடுத்தா ஒன்னால நாக்குல வைக்க முடியுமாக்கா? மைதாவும் பிசினும் சேத்துதான் கட்டி புடிப்பாங்க'ங்கிறான். எல்லாக் கடையிலும் அப்படித்தானாம்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "கோதும கோழிக்குத்தான்னு சொல்லிக்கினு, ஒனக்குல்ல கரைச்சி ஊத்தியிருக்கேன்."

"நீங்க மருந்துன்னுதானே குடுத்தீங்க. நானும் மருந்துன்னுதானே குடிச்சேன்."

டாக்டரின் பட்டியலிலும் அது இல்லை, என் பட்டியலிலும் இல்லை. என் வீட்டுச் சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் அதைத்தான் போடுகிறார்கள். வயிறு சரியில்லை என்று படுத்த நாட்களில் கூடுதலாக. இத்தனை நாள் படுத்தியது எதுவென்று இப்போது புரிகிறதா? ஒரு பொருளுக்கு நல்ல பெயர் இருந்தால் அதை யாரும் விசாரிப்பதில்லை. பிஸ்கட்டைத் திருடனைப் போலப் பார்க்கிற நான், பெருங்காயத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அஞ்சலை அம்மாள் தன் அடுப்பையே சோதனைச் சாலை ஆக்கிவிட்டார். ஞாயிறு முழுக்க எனக்குத் தனிப் பானையில் கேப்பங்கஞ்சி. உப்பைப் போடும்போதுகூட, "இதுல ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் போட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் ரசம் கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்தார். "பெருங்காயம் போட்டியா? அப்ப நீயே குடி." சாயங்காலம் எழுந்து கடற்கரைவரை நடந்தேன். யாரையும் பிடித்துக்கொள்ளாமல்.

திங்கட்கிழமை சூளை திறந்தபோது வாயிலில் முதல் ஆளாக நின்றது நான். மேல் தட்டுக் கோப்பைகள் பாலாடை மாதிரி வந்திருந்தன. அடித்தட்டுக் கோப்பைகளில் மட்டும் ஊசி குத்தியது போல் துளைகள்.

மேனேஜர் துளைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயிறு எப்படி இருக்குது?"

"சரியாயிட்டுது சார். பெருங்காயம்தான் காரணம்."

"பெருங்காயத்துல சரியாப்போச்சா? அதான் நல்ல மருந்தாச்சே."

"இல்ல சார். அதுலதான் கெட்டுது."

அவர் வீட்டிலிருந்து வந்த பெருங்காய மோர் புட்டி பக்கத்து மேசைமேல் இருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு, "அடுத்த சூளையும் நீங்களே அடுக்குங்க. ஓட்டை மட்டும் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இப்போதைய நிலவரம்: எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இல்லை, அப்பாவுக்கு வருத்தம். சூளை என்னிடமே இருக்கிறது. துளைகளுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. பூச்சுக்கு நல்லது என்று நான் நம்பிச் சேர்த்த பொருளிலிருந்து விசாரணையை ஆரம்பித்திருக்கிறேன்.