கோட்டுக்கு அடியில் கிடந்த மைக்

என் தம்பி மலையில் நின்றான். முன்னால் நெருப்பு, பின்னாலும் நெருப்பு. பின்னால் வருவது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் உயிரைக் காக்கிற சேதியை வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல வழியில்லாமல் நான் மாத்தளையில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பகலை ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும்படி போதகர் பல தடவை கேட்டும் நான் தட்டிக்கழித்துவிட்டேன். பேசத் தொடங்கினால் முடிக்க மாட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். விசுவாசிகளே, பொறுமையாக வாசியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அரிசி கண்ணில் படாத காலம். விடியுமுன் பேக்கரி வாசலில் போய் நின்றால்தான் பாண் கிடைக்கும். தீயணைப்பு நிலையத்திலும் அவித்த மரவள்ளியும் சம்பலும்தான் மத்தியானச் சாப்பாடு. நான் அங்கே வயர்லெஸ்காரன். தம்பி தேவதாஸ் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலேயே அடுத்தடுத்துக் காலமானபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். கண்டவர் காலைப் பிடித்து அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு. புகை ஆகாது. வேண்டாமடா என்றால் கேட்கவில்லை. அண்ணன் இருக்கிற இடத்தில்தான் இருப்பேன் என்று வந்து சேர்ந்தான்.

எங்கள் வயர்லெஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். நிலையத்தில் ஒரு பெட்டி, வண்டியில் ஒரு பெட்டி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். மைக்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் நாம் பேசுவது மறுபக்கம் போகும். அதை விட்டால்தான் மறுபக்கம் பேசுவது நமக்கு வரும். அழுத்திக்கொண்டே இருக்கிறவனுக்கு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சொல்லும் கேட்காது. இதனால்தான் நான் எல்லோரையும் கடிந்துகொண்டே இருப்பேன். சாரதி காதரை அண்ணன் முறையில் நானா என்போம். அவர் காலையில் வண்டியைத் துடைக்கும்போது மைக்கைப் பிடித்துப் பாட்டுப் பாடுவார். எனக்குக் கடுப்பு ஏறும்.

"நானா, இது ரேடியோ சிலோன் இல்ல. மைக்க வைங்க."

"ஒனக்குத்தான் பாடுறேன் தம்பி. காச கீச கேட்டனா?" என்பார்.

மலைக்கு ஏறிப் போகிறவர்களிடம் எந்தப் பெட்டியும் கிடையாது. அதற்கு எங்கள் தலைவர் ஆனந்த மாத்தயா ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். நான் வண்டிக்குச் சொல்வேன், வண்டியில் இருக்கிறவர் ஹோர்ன் அடிப்பார். ஹோர்ன் விடாமல் அலறினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி ஓடிவர வேண்டும். வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவரும் மைக்கில் தன் பெயரைத் தன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது. ஆனந்த மாத்தயா சிங்களவர், பல்லேபொலைக்காரர்; மாத்தயா என்றால் ஐயா. நம்மை விட நன்றாகத் தமிழ் பேசுவார். தேவாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் 'மல்லி'தான், தம்பிதான்.

அந்த வருடம் வறண்ட கச்சான் காற்று பிசாசு பிடித்ததுபோல் வீசியது. மழை வந்து மாதங்களாகிவிட்டன. மலையெல்லாம் மானாப்புல் காய்ந்து கிடந்தது. ஒரு மத்தியானம், இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் புல் பற்றி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை நோக்கி ஏறுகிறது என்று ரெலிபோன் வந்தது. லயத்தில் பிள்ளைகளும் நோயாளிகளும் இருந்தார்கள். நிலையத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்ததால் ஆனந்த மாத்தயா, காதர் நானா, தேவா, சிறிசேன, மாரிமுத்து என்று ஐந்து பேர்தான் வண்டியில் போனார்கள்.

போய்ச் சேர்ந்ததும் காதர் நானா பேசினார். வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, மற்ற நால்வரும் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு முகட்டுக்கு ஏறப் போகிறார்களாம். லயங்களுக்கும் நெருப்புக்கும் நடுவில் புல்லை வெட்டி வெறும் மண்ணாக்கினால் நெருப்பு தாண்டாது.

"நானா, மைக்க விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க" என்றேன்.

"ஓடையில பம்ப போட வேற ஆளு இல்லையே தம்பி. போட்டுட்டு ஓடி வந்துர்றேன்."

ஆள் இல்லாத இடத்தில் நான் என்ன சொல்ல? சரி என்றேன்.

பிறகு நடந்ததை அவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். வண்டியில் மைக் மாட்டும் கொக்கி உடைந்திருந்ததால் காதர் நானா மைக்கை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்; பம்ப் நின்று நின்று ஓடியதால் ஓடையை விட்டு வர முடியவில்லையாம். மலையேற பாரம் என்று ஆனந்த மாத்தயா தன்னுடைய தடித்த நெருப்புக் கோட்டைக் கழற்றி, யன்னல் வழியாக இருக்கையில் எறிந்துவிட்டு ஏறினார். கோட்டின் பித்தளைக் கொளுவி மைக்கின் மேல் விழுந்தது. பொத்தான் அழுந்திவிட்டது.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு இரைச்சல்தான். வண்டி எஞ்சின் ஓடுகிற சத்தம், தூரத்தில் பம்ப் இருமுகிற சத்தம். யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள், வரட்டும், நன்றாகக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தபோது ரெலிபோன் அடித்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர்.

"ஐயா, நெருப்பு இந்தப் பக்கம் வரும்னு எங்க ஆளுங்க புல்ல முன்னாடியே எரிச்சுவிட எதிர்நெருப்பு வச்சாங்க. இப்ப காத்து திரும்பிருச்சுங்க. கையமீறிப் போச்சு. முகட்டுக்கு ஏறுதுங்க. மேல யாரும் இருக்காங்களா?"

நான் பதில்கூடச் சொல்லவில்லை. ரெலிபோனைப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்துக் கத்தினேன். வண்டி, வண்டி, ஹோர்ன் அடி, ஹோர்ன் அடி! பொத்தானை விட்டுக் கேட்டேன். அதே எஞ்சின் இரைச்சல். ஒரு காகம் கரைந்தது. அந்தக் காகத்தைக் கேட்க முடிந்த எனக்கு, அங்கே ஒருவனிடம் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. மறுபடி கத்தினேன். பிரயோசனம் இல்லை என்று அந்த நிலையத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கத்தினேன்.

எங்கள் ஆட்கள் போயிருந்த தோட்டத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். கம்பம் எரிந்து லைன் செத்துவிட்டது என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். நிலையத்துக் காவல்காரரைப் பொலிஸுக்கு ஓடச் சொன்னேன். பொலிஸ் ஜீப் அந்த மலை ரோட்டில் ஏறிப் போய்ச் சேரும்போது அள்ளுவதற்குச் சாம்பல்தான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் நாற்காலியை விட்டு இறங்கி முழந்தாளில் விழுந்தேன். அழகாக ஜெபிக்க வரவில்லை. கர்த்தரோடு சண்டைதான் போட்டேன். 'ஆண்டவரே, பெரிய அற்புதம் ஒன்றும் கேட்கவில்லை. மழை கேட்கவில்லை. காற்றை நிறுத்தச் சொல்லவில்லை. விரல் அகலப் பொத்தான் ஒன்று. அதை விடுவியும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் குரலை மட்டும் எனக்குத் தாரும்' என்றேன். ஐந்து பேருடைய பெயரையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் இன்னும் சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. அப்படியே வாயை மூடிக்கொண்டு, நெற்றியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எஞ்சின். பம்ப். எஞ்சின்.

திடீரென்று வண்டிக் கதவு திறக்கிற சத்தம் வந்தது. அதன் பின்னால் ஒரு இருமல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து இருமுகிற இருமல். எத்தனை மழைக்கால ராத்திரிகள் அந்த நெஞ்சைத் தடவிக் கொடுத்திருப்பேன், எனக்குத் தெரியாதா? தேவா.

"தண்ணி டின்ன எங்கதான் ஒளிச்சி வச்சாங்களோ" என்று தனக்குள்ளே முணுமுணுத்தான். பிறகு, "இந்தக் கோட்ட யாரு இப்படிப் போட்டது?"

கோட்டைத் தூக்கினான். இரைச்சல் பட்டென்று நின்றது. என் பெட்டியில் அமைதி.

"தேவா! ஹோர்ன அடி! விடாம அடி! பின்னால நெருப்பு வருது!"

"அண்ணே? என்னண்ணே?"

"பேசாதடா! அடி!"

அடித்தான். ஒரு கையில் மைக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டே அடித்திருக்கிறான். அந்த ஹோர்ன் என் அறையெல்லாம் அலறியது. நான் தரையில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதேன்.

பிறகு தேவா எனக்குச் சொன்னான். முகட்டில் அவன் இருமுவதைப் பார்த்த ஆனந்த மாத்தயா, "மல்லி, கீழ போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றாராம். இவன் முடியாது, எனக்கு ஒன்றுமில்லை என்று முறைத்துக்கொண்டு நின்றானாம். அவர் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்து, போடா என்று விரட்டியிருக்கிறார். கோபத்தோடுதான் இறங்கி வந்திருக்கிறான்.

நெடுநேரம் அலறிய பிறகு ஹோர்ன் நின்றது. நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். காதர் நானா பதில் சொன்னார். தேவா சொன்னான். சிறிசேன சொன்னான். இறங்கும்போது கால் பிசகிய மாரிமுத்து அழுதுகொண்டே சொன்னான். ஆனந்த மாத்தயா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். யார் கையிலோ மைக் அழுந்தியிருந்ததால், தேவா மலைக்கு ஓடப் பார்ப்பதும் காதர் நானா அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, "போகாத, போகாத, அல்லா இருக்கான், போகாத" என்று கெஞ்சுவதும் கேட்டது. நானும் கெஞ்சினேன். ஐந்து பெயர் சொன்னேனே ஆண்டவரே, ஐந்து.

கடைசியில் அவர் குரல் வந்தது. மெதுவாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆனந்த. எல்லாரும் வந்துட்டாங்க. நான்தான் கடைசி."

மாரிமுத்துவால் நடக்க முடியாமல் போனபோது அவனைச் சிறிசேனவோடு முன்னால் தள்ளிவிட்டு இவர் பின்னால் நின்று கொப்புகளால் நெருப்பை அடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். உடம்பில் மெல்லிய சட்டைதான் இருந்தது. கோட்டு வண்டியில் கிடந்தது. முதுகு முழுக்க வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கிடந்து, அங்கேயே இறந்துபோனார்.

லயங்கள் எரியவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் ஸ்தோத்திரம் செலுத்தியபோது ஆனந்த மாத்தயா உயிரோடு இருந்தார். அவர் இறந்த பிறகு ஒரு சகோதரர் என்னிடம் வந்து, அவர் விசுவாசி இல்லையே, அதனால்தான் என்றார். அந்த மனிதரோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அது தவறானால் கர்த்தர் என்னிடம் கேட்கட்டும். என் தம்பியைக் கீழே விரட்டிய வாய் ஆனந்த மாத்தயாவுடைய வாய். கர்த்தர் எனக்கு அனுப்பிய பதில் அந்த வாய் வழியாகத்தான் வந்தது. அந்த வாயைத்தான் மண்ணில் வைத்தோம். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லவே எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. காதர் நானா அதற்குப் பிறகு மைக்கில் பாடவில்லை. பாடுங்கள் என்று நானே கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இறந்தவருக்காகப் பிக்குகளுக்கு அன்னம் கொடுக்கும் ஏழாம் நாள் தானத்துக்கு நானும் தேவாவும் பல்லேபொலைக்குப் போனோம். வேலியோரம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி வெள்ளைச் சேலையில் எங்களை உள்ளே அழைத்துப் பாய் போட்டார். தேவா தலை நிமிரவே இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"மல்லி, அன்றைக்கு நீங்கள் உங்கள் சாமியைக் கூப்பிட்டதாக அவர் சொன்னார். உண்மையா?"

தேவாதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் என்றேன். ஆனால் அம்மா, அவரை என்று தொடங்கினேன்.

அந்த அம்மா என்னை முடிக்க விடவில்லை. "அவர் அந்த மலையில் தனியாகக் கருகிப் போயிருந்தால் எனக்கு எலும்பைத்தான் தந்திருப்பார்கள். ஹோர்ன் சத்தம்தான் வழி காட்டியது என்று சொன்னார். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். பேசினார். பிள்ளைகளைப் பார்த்தார். என் கையால் தண்ணீர் குடித்தார். அந்த நாட்களை யார் கொடுத்தது? உங்கள் சாமி கொடுத்தது என்றால், நான் கும்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

தேவா அந்த அம்மாவின் காலில் விழுந்தான். நானும் விழுந்தேன்.

ஆறுதல் சொல்லப் போனவன் ஆறுதல் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்று தேவாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆனந்தன் என்று பெயர் வைத்திருக்கிறான். இழுப்பு விடவில்லை, வேலையையும் விடவில்லை. நான் இப்போதெல்லாம் நீளமாக ஜெபிப்பதில்லை. வேண்டியதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். சில நாள் பதில் வருகிறது, சில நாள் வருவதில்லை. ஆனாலும் எழுந்து போய்விடுவதில்லை.

கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்று மனம் கசந்து, ஜெபத்தையே கைவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். கசப்போடேயே வாருங்கள், சண்டை போட்டுக்கொண்டே வாருங்கள், அவர் தாங்குவார். என் தம்பியைத் தந்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த அம்மாவின் கையால் ஆனந்த மாத்தயா குடித்த தண்ணீருக்காகவும் ஸ்தோத்திரம்.