ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லாத பெயர்

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டாள். கூப்பிட ‘இந்தாங்க’, பிறரிடம் பேச ‘பெரியவன் அப்பா’. பெயர்தான் வேண்டும் என்று யாராவது நின்றால் பக்கத்தில் இருப்பவர் நமக்காகச் சொல்லிவிடுவார். என் கல்யாண வாழ்க்கை இப்படியே ஓடியது.

ஜப்பான்காரன் காலம் அது. மலாயாவில் லாபு பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். பால் மரம் வெட்டுவது நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஆண்களைப் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள், போனவர்கள் திரும்பவில்லை. என் வீட்டுக்காரரை போர்ட்டிக்சன் துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்க லாரியில் ஏற்றினார்கள். சயாம் இல்லையே என்று மாரியம்மனைக் கும்பிட்டேன். எனக்கு என்ன தெரியும்.

பத்தாம் நாள், வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் வாசலில் வந்து நின்றார். கப்பிக் கயிறு அறுந்து மூட்டைகள் அவர் காலில் விழுந்துவிட்டனவாம். டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம்.

மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், கிழங்குக் காட்டில் இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பக்கூட நிற்காமல் தனியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் வீட்டுக்காரரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அவருக்கு நினைவும் இல்லை.

வராந்தாவில் மேசை போட்டு ஒரு சீனக் கிராணி, கணக்கு எழுதுபவர், பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் அடிபட்டவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் காகிதம் கிடைக்கும். காகிதத்தைக் காட்டினால் குணமாகும் வரை மாதாமாதம் அரிசி. அரிசியைக் கண்ணால் பார்த்தே எத்தனை நாள் ஆகியிருந்தது! லாரியில் ஏற்றும்போது ஜப்பான்காரன் தலையை எண்ணினானே தவிர யார் பெயரையும் எழுதவில்லை. மாடு பிடிப்பவன் மாட்டுக்குப் பெயரா கேட்பான்?

“நாமா அபா?” என்று பெயரைக் கேட்டார் கிராணி.

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு தமிழ் முகம் இல்லை.

“என் பெரியவனோட அப்பா” என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில்.

அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். மறுபடியும் அதே கேள்வி. நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே அவர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்திலா நான் அதைச் சொல்வேன்? நாளைக்கு மூத்தாரைக் கூட்டி வந்து சொல்லச் சொல்கிறேன் என்று கையைக் காட்டிப் புரியவைத்தேன். கிராணி என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மூத்தாரும் நானும் போய் நின்றோம். மேசை இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பட்டியலை நேற்றே அதிகாரி எடுத்துப் போய்விட்டாராம். “பேரு மட்டும்தானே கேட்டாங்க? நேத்தே சொல்லியிருக்கலாமே, புள்ள!” என்று மூத்தார் தலையில் அடித்துக்கொண்டார். தன் பெண்டாட்டி தன் பெயரைச் சொல்லி அவரே கேட்டதில்லை!

காகிதம் இல்லை, அரிசியும் இல்லை. லயத்துக்குத் தூக்கி வந்தோம். கிழங்கும் கீரையும் தின்ற உடம்பில் புண் ஆறவே இல்லை. நாலு மாதம் கிடந்தார். கடைசி வாரம் “கொஞ்சம் சோறு இருக்கா?” என்று கேட்டார். இருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா!

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். துறைமுகத்தில் அடிபட்டவர்களுக்கும் செத்தவர்களுக்கும் நஷ்டஈட்டு மனு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூத்தாரோடு ஆபீசுக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தமிழர், வழக்கம் தெரிந்தவர். என்னைக் கேட்காமல் மூத்தாரைப் பார்த்து, “செத்தவர் பேரு என்னங்க?” என்றார்.

நான் முந்திக்கொண்டு சொன்னேன். வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஜப்பான்காரன் விட்டுப்போன பட்டியலை எடுத்து விரலால் மேலிருந்து கீழே தேடினார். பக்கத்தைத் திருப்பி மறுபடியும் தேடினார்.

“இதில அந்தப் பேரே இல்லையேம்மா. இதில இருந்தாத்தான் மனு எடுப்பாங்க.”

மறுபடியும் சொன்னேன், இன்னும் உரக்க. இனிமேல் குறைவதற்கு ஆயுசு ஏது?