அம்மாவுக்கு வந்த ஏலத் தலையணை

எங்கள் வீட்டில் மெத்தை என்பது நோயாளிக்குரிய பொருள். உடல் நலத்தோடு இருப்பவர் கோரைப்பாயை விட்டு மெத்தையில் படுப்பது, காய்ச்சல் இல்லாதவர் மருந்து குடிப்பதற்கு ஒப்பானது என்று நைனா கருதினார். செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த என் தந்தையையே நான் நைனா என்று அழைப்பேன். ஆதலின், அரசு மருத்துவமனை டாக்டர் அம்மாவுக்கு மாத்திரை எழுதித் தராமல், நல்ல மெத்தையும் அளவான தலையணையும் வாங்கும்படி சொல்லி அனுப்பியபோது, நைனா அந்த வெற்றுச் சீட்டை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. அந்த மாசி மாதத்தில் எனக்கு ஒரு தங்கை பிறந்து பதினோரு நாள் இருந்து போனாள். அதன்பின் அம்மாவுக்கு உறக்கம் இல்லாது போயிற்று. இதனை அம்மா சொல்லி நாங்கள் அறியவில்லை. விடியுமுன்னரே குடங்கள் எல்லாம் நிரம்பி, தண்ணீர் துணியில் வடிகட்டப்பட்டு, மூன்று வேளைக்கான காய்களும் நறுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுதான் அறிந்தோம். வேலை நடக்கும் வரையில் யாரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஒருநாள் நின்றவாறே கண் சொருகிக் கொதிக்கும் உலைநீரை அவள் தன் கையில் சாய்த்துக்கொண்ட பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். இப்படியே இன்னும் சில மாதங்கள் போனால் இந்த அம்மாளைக் காப்பாற்றுவது கடினம் என்று டாக்டர் நைனாவிடம் தனியே சொன்னார். தனியே சொன்னதாக அவர்கள் எண்ணினார்கள். நான் நைனாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன்.

மெத்தைக் கடையில் மூன்று வகை இருந்தன. இலவம்பஞ்சு, பருத்திப் பஞ்சு, தென்னை நார். நைனாவுக்குத் தெரிந்த சோதனை ஒன்றே ஒன்றுதான். மண்டிக்கு வரும் கடலை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஈரம் பார்ப்பதைப் போல, மெத்தையின் தையலுக்குள் விரலை நுழைக்க முயன்றார். கடைக்காரர் பதறித் தடுத்தார். தலையணையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கும்படி சொன்னார்.

"வெத எடுக்காத பஞ்சுன்னா ராத்திரி பூரா காதுல பேசிக்னே இருக்கும். இது பாருங்க, வாயே தொறக்காது."

வாயைத் திறக்காத அந்தப் பஞ்சு நைனாவுக்குப் பிடித்திருந்தது. எனினும், படுத்துப் பார்க்காமல் மெத்தை வாங்கக் கூடாது என்று கடைக்காரரே சொன்னபோதுதான் சிக்கல் எழுந்தது. சந்தை நாளில், கடைத்தெரு முழுவதும் பார்த்திருக்க, அம்மா காலை நீட்டிப் படுப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியம். மண்டிக்காரர் படுப்பதும் முறையன்று. சற்றுநேர ஆலோசனைக்குப் பின் அம்மாவுக்குப் பதிலாக நான் படுக்க வைக்கப்பட்டேன். வலப்புறம் புரண்டேன், இடப்புறம் புரண்டேன், தலையணையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தேன். சிங்கவரத்துக்குப் போகும் சைக்கிள்காரர் ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றி நின்று என்னை வேடிக்கை பார்த்தார்.

"இன்னா கண்ணு, சொகமா இருக்குதா?"

நைனாவின் இக்கேள்விக்கு, அதைவிடச் சுகமானது உலகில் இல்லை என்று நான் விடை சொன்னேன். அதுவரை நான் மெத்தையில் படுத்ததேயில்லை. அம்மா கடையின் தூணருகே தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் அந்த மெத்தையைக் கையால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது வீடு திரும்பிய பிறகே எங்கள் நினைவுக்கு வந்தது.

என் எடைக்கு ஏற்ற மெத்தை அம்மாவின் எடைக்குக் குழியாயிற்று. இடுப்பு உள்ளே இறங்கிற்று. தோள் மேலே நின்றது. போதாக்குறைக்குச் செஞ்சியின் கோடை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய மலைப்பாறைகள் இரவெல்லாம் அதனை ஊர்மீது திருப்பி விடும் காலம். மெத்தையின் சூட்டிலிருந்து அம்மா எழுந்து தரைக்கு வந்துவிடுவாள். தலையணையோ செங்கல்லைப் போல் உயர்ந்து நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நைனா அதன் தையலைப் பிரித்து, பிடி பிடியாகப் பஞ்சை எடுத்து உயரத்தைக் குறைக்கத் தொடங்கினார். இரண்டு பிடி எடுத்தால் தாழ்வு. ஒரு பிடி திரும்ப வைத்தால் உயரம். மூன்று நாள் வீட்டில் பஞ்சு பறந்தது. சாற்றில் மிதந்தது. நைனாவின் புருவத்தில் ஒட்டிக்கொண்டு மண்டி வரை சென்றது. அதன்பின் நார் மெத்தை வந்தது. அது புடவையைத் துளைத்துக் குத்திற்று. பருத்தித் தலையணை வந்தது. அது ஒரே வாரத்தில் கட்டி கட்டியாகத் திரண்டது. அம்மா எதனையும் குறை கூறவில்லை. ஒவ்வொரு காலையிலும் நைனா அவள் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் பல் துலக்கப் போய்விடுவார்.

இந்நிலையில்தான் என் மாமா ஒரு தலையணையோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பியாகிய அவர் எண்ணெய் லாரியோடு புதுச்சேரிக்குப் போய் வருபவர். பிரெஞ்சுக்காரர்கள் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலமாதலால், அவர்கள் வீட்டுச் சாமான்கள் அங்கே ஏலத்தில் கிடைத்தன. நீலக் கோடு போட்ட கெட்டித் துணி உறை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. அழுத்தினால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். விட்டால் மெல்ல மூச்சு வாங்கி எழும். இது என்ன பஞ்சு என்று நைனா கேட்டார்.

"சீமப் பஞ்சு மாமா. நம்ம பக்கம் வெளையாது."

நைனா அதனை ஒரே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் பொழுது நன்றாக விடிந்த பின்னும் அம்மா எழவில்லை. நான் கண் விழித்தபோது கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. அம்மா வாய் சற்றே திறந்திருக்க, அசைவின்றிக் கிடந்தாள். தலையணையின் ஒரு பாதி தலைக்கடியிலும், மறு பாதி அவள் கைவளைவுக்குள்ளும் இருந்தது. பதினோரு நாளில் போன தங்கையும் அவ்வாறே அசைவின்றிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன். கத்துவதற்கு நான் வாயைத் திறந்த கணத்தில் நைனா பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினார். அவரே அடுப்பைப் பற்றவைத்து உப்புமாவைக் கருக்கினார். அன்று அம்மா எழுந்தபோது மணி ஒன்பது. அதுமுதல் அவள் இரவுதோறும் உறங்கினாள். கன்னத்தில் சதை பிடித்தது. நைனாவோ அந்த வாரத்திலிருந்து உணவில் உப்பை விட்டுவிட்டார். அம்மா குணமானதற்கு நேர்ந்துகொண்ட விரதம் என்றார். நாங்கள் சமணக் குடும்பத்தினர். விரதம் எங்கள் வீட்டில் வியப்புக்குரிய செய்தியன்று.

ஆடி மாதத்தில் ஒரு நண்பகல், அம்மா கிணற்றடியில் இருந்த வேளையில், நான் அந்தத் தலையணையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். ஏதோ ஒன்று முள்போல் குத்திற்று. தையலோரம் நீட்டிக்கொண்டிருந்த நுனியை நகத்தால் பற்றி இழுத்தேன். வெண்மையும் சாம்பலும் கலந்த ஒரு சிறிய இறகு வெளியே வந்தது. அதன் அடித்தண்டு பழுப்பேறியிருந்தது. இன்னொன்றை இழுத்தேன். இன்னொன்றும் வந்தது. தலையணையை விட்டு நான் எழுந்த வேகத்தில் சுவரில் முட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எறும்பு புகுந்த வெல்லத்தை எறும்பு தானே வெளியேறும் வரையில் தொடமாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிரும் மடியக் கூடாதென்று தண்ணீரை வடிகட்டி, வடிகட்டிய துணியை மீண்டும் கிணற்று நீரிலேயே அலசுவோம். பொழுது சாய்ந்தால் சோறு இல்லை. இப்படிப்பட்ட வீட்டில், அம்மாவின் தலைக்கடியில், எத்தனை பறவைகள் என்று எனக்குக் கணக்கிடத் தெரியவில்லை. மூன்று இறகுகளையும் என் பலப்பப் பெட்டியில் போட்டு மூடினேன்.

மாமா வந்தபோது அவரைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் முகம் வெளிறியது. பிறகு சமாளித்துக்கொண்டார். நம் முனிவர்கள் கையிலும் மயிற்பீலி இருக்கிறதல்லவா, மயில் தானே உதிர்த்ததைத்தானே எடுக்கிறார்கள், இதுவும் வாத்துகள் தாமாக உதிர்த்தவை என்றார். ஒரு தலையணை நிறைய இறகு சேர்க்க வாத்துகளின் பின்னால் எத்தனை ஆண்டுகள் நடக்க வேண்டும் என்று நான் கேட்டேன்.

"உங்கம்மா தூங்கறாளா இல்லியா? அத்த மட்டும் பாரு. வாயத் தொறக்காத."

நான் அத்தனை வாதம் செய்யும் சிறுமியல்லேன். ஆயினும் அன்றுமுதல் அம்மா கட்டிக்கொள்ள வந்தால் விலகினேன். அவள் ஒன்றும் அறியாமல் பாவத்தில் கிடக்கிறாள், அதனை அறிந்தவள் நான் ஒருத்தியே என்ற பாரம் என்னைச் சோறுண்ண விடவில்லை. யாரிடமேனும் சொல்லி அவளைக் காப்பாற்ற வேண்டும். அதற்குரியவர் அத்தை ஒருவரே என்று தீர்மானித்தேன். நைனாவின் தமக்கையாகிய அத்தை வந்தவாசியில் இருந்தார். விரதங்களில் அவரை விஞ்ச எங்கள் உறவில் ஆள் இல்லை. பிறர் வீட்டுத் தண்ணீரைக்கூட அவர் தம் துணியில் வடிகட்டிய பின்பே குடிப்பார்.

அத்தை வந்தது ஓர் அமாவாசை நாள். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல், வெயில் தாழ்ந்த பிறகே வந்து சேர்ந்தார். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்க வேண்டுமாதலால் நைனாவும் அவரும் உடனே இலை முன் அமர்ந்தனர். பரிமாற வந்த அம்மாவை அத்தை ஏற இறங்கப் பார்த்து, முகம் தெளிந்துவிட்டதே, எந்த டாக்டர் என்ன மருந்து கொடுத்தார் என்று மகிழ்ச்சியோடு கேட்டார். அந்தக் கேள்வி எனக்காகவே கேட்கப்பட்டதாகத் தோன்றிற்று. பலப்பப் பெட்டியை எடுத்து வந்து, மூன்று இறகுகளையும் அத்தையின் இலையருகே வரிசையாக வைத்தேன். அம்மாவின் தலையணை முழுவதும் இவைதான் என்றேன்.

அத்தையின் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது. நைனா தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"எனக்குத் தெரியும்க்கா. மொத நாளு கைய வச்சப்பவே தெரியும்."

அத்தை நைனாவின் இலையைப் பார்த்தார். உப்பு வைக்கப்படாத இலை. அம்மாவும் அதே இடத்தைப் பார்த்தாள். அந்த விரதம் எதற்காக என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள் என்று நினைக்கிறேன். குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கும் தெரியும் அண்ணி," என்றாள். "ரெண்டாம் நாளே குத்துச்சி. வெளிய வர்றத எல்லாம் புடுங்கிப் புடுங்கி அடுப்புல போட்டுக்னு இருந்தேன். இவுரு கண்ணுல பட்டா தாங்க மாட்டாருன்னு."

நான் காப்பாற்ற வந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். இனி அத்தை எழுந்து நிற்பார், இவர்களைக் கண்டிப்பார், உண்மையைச் சொன்ன என்னை அருகில் அழைப்பார் என்று காத்திருந்தேன். அத்தை எழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஒன்ன யாருடி கேட்டா?"

அவர் அடித்திருந்தாலும் நான் அவ்வளவு திகைத்திருக்கமாட்டேன். அத்தை இடக்கையால் இறகுகளைத் திரட்டித் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, எங்கள் வீட்டில் எவரும் அவர் வாயிலிருந்து எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"நீ வச்சிக்னு தூங்கும்மா. பாவம் வந்தா எனுக்கு வரட்டும்."

அம்மா தலையை அசைத்தாள்.

"இல்ல அண்ணி. கொழந்த வாயால கேட்டாச்சு. இனிமே தல வைக்க முடியாது."

பேசிக்கொண்டிருக்கையிலேயே பொழுது சாய்ந்துவிட்டது. இலைகள் அப்படியே எடுக்கப்பட்டன. அம்மா அந்தத் தலையணையைப் பழைய புடவை ஒன்றில் சுற்றினாள். இறுகச் சுற்றாமல் மெதுவாகச் சுற்றினாள். சுற்றி முடித்ததும் சற்றுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு, மறுநாள் மாமா எடுத்துச் செல்வதற்காகக் கடலைக் கோணிகள் கிடந்த பின்கட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

அன்றிரவு அவள் எனக்கருகில் கோரைப்பாயை விரித்துப் படுத்தாள். பல நாள் விலகியிருந்த நான் அவளை ஒட்டிக்கொண்டேன். அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. பனையோலை விசிறியை எடுத்து எனக்கு வீசத் தொடங்கினாள். என்மீது அவளுக்குக் கோபமில்லை, நான் செய்தது சரியென்று அவள் உள்ளூர மகிழ்கிறாள், அதனால்தான் இப்படி வீசுகிறாள் என்று நான் நிறைவோடு எண்ணிக்கொண்டேன். இடையில் இருமுறை எனக்கு விழிப்பு வந்தது. இருமுறையும் காற்று வந்துகொண்டே இருந்தது. எனக்கு மிகவும் சுகமாக இருந்தது. மீண்டும் உறங்கிப் போனேன்.