பொன்னையா அண்ணன் போட்ட சாட்சிக் கையெழுத்து

பொன்னையா அண்ணன் இறந்துவிட்டார் என்று வெள்ளனே போனில் சொன்னவள் பூண்டி கிராமத்துச் செல்வி. அவள் குரலில் அழுகையைவிட பயம்தான் அதிகம். "அக்கா, இனி எனக்கு யாருக்கா சாட்சி?" என்றாள். துக்கத்துக்கு முன்னால் எனக்கும் அதுதான் தோன்றியது.

கொடைக்கானலில் பத்திரம் எழுதிய அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்த எனக்கு அவர் கோபமும் தெரியும். நம் மேல்மலைக்காரர்கள் உயில் எழுத வந்தால், சாட்சிக்கு ஊரிலேயே மூத்தவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார்கள். அதுதான் மரியாதையாம். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மரியாதைக்கு மாலை போடுங்க. சாட்சிக்கு இளந்தாரியாக் கூட்டியாங்க. எழுதுனவரு போன பெறகு கோர்ட்டுல வந்து நிக்க ஒரு உசுரு வேணும்ல?" என்பார். கேட்டவர்கள் குறைவு.

செல்வியின் அப்பாவும் கேட்கவில்லை. கணவனை இழந்து வீடு திரும்பிய மகளுக்கு வெள்ளைப்பூண்டுக் காட்டை எழுதிவைக்க வந்தவர், நிற்கவே முடியாத தன் பெரியப்பாவைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார். இன்னொரு சாட்சியாவது இளவட்டமாக இருக்கட்டும் என்று அண்ணன் மன்றாடினார். "இளவட்டமெல்லாம் எம் மகனுங்க பக்கம்ங்க" என்றார் அவர். கடைசியில் அண்ணனே கையெழுத்துப் போட்டார். "நான் மட்டும் என்ன இளந்தாரியா? சரி, கெடக்கு" என்று பேனாவை மூடினார்.

அன்று செல்வி வாங்கி வந்த காப்பியை அவர் தொடவில்லை. தான் சாட்சி போட்ட வீட்டில் ஒரு கேரட்கூட வாங்க மாட்டார். நான் கேலி செய்தால், "நாளைக்குக் கூண்டுல நிக்கும்போது குடிச்ச காப்பி வாயை அடைச்சிரும்மா" என்பார்.

அடுத்த மழைக்குள் அந்தப் பெரியப்பா போய்விட்டார். பிறகு செல்வியின் அப்பாவும் போனார். காரியம் முடிந்த கையோடு மகன்கள் இருவரும் உயிலே பொய் என்று வழக்காடினார்கள். சாட்சி விசாரணை வந்தபோது அண்ணன் படுக்கையில் கிடந்தார். பார்க்கப் போன என்னிடம், "வாய்தா மேல வாய்தா வாங்குறானுங்கம்மா. நான் எப்பப் போவேன்னு காத்துக்கிட்டு இருக்கானுங்க" என்றார். அவர் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

அவர் சாவுக்கு வந்த மாலைகளிலேயே பெரியது செல்வியின் மூத்த அண்ணன் முருகேசன் போட்டதுதான். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். சாட்சிகள் உயிரோடு இல்லாவிட்டால், அவர்கள் கையெழுத்தை அறிந்தவர் வந்து அடையாளம் சொல்லலாம் என்று செல்வியின் வக்கீல் சொல்லியிருந்தது அவன் காதுக்கும் போயிருந்தது. "அண்ணன் கையெழுத்து உங்களுக்கு நல்லாத் தெரியுமாம்லக்கா. உங்களுக்கு எதுக்கு அந்தச் சோலி? தனியா வேற இருக்கீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

இன்று காலை கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு மூட்டை வெள்ளைப்பூண்டு. எதிர் வளைவில், மூடுபனிக்குள், விளக்கை அணைத்தபடி முருகேசனின் ஜீப். உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு போய் ஜீப்பின் சக்கரத்தோரம் வைத்தேன். திரும்பி வந்து கதவைத் தாழிட்டேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிச்சம் இரண்டு. அவர் 'பொ' போடும்போது கொம்பைச் சுழித்து மேலே இழுக்கும் அந்த இழுப்பு, எங்கே பார்த்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, குடிக்காமல் ஆறவிட்ட அந்தக் காப்பி. இந்த இரண்டோடுதான் திங்கட்கிழமை கூண்டில் ஏறப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, அண்ணே. இதை எழுதும் இந்த நேரத்திலும் ஜீப் வளைவில்தான் நிற்கிறது.